மூன்றாவது பையில் ஒரு மீன் சட்டி

நியூஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில் நாங்கள் வீடு வாங்கிய சில ஆண்டுகளில், செவ்வாய்க்கிழமை மாலைகளில் என் வீட்டிலேயே எனக்கு உட்கார இடம் இல்லாமல் போயிற்று. தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்காக எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஊரிலுள்ள பெண் குழந்தைகளெல்லாம் கூடிக் கும்மி பழகினார்கள். என் மனைவி சொல்லிக்கொடுத்தாள். குழந்தைகள் தமிழில் பாடி ஆங்கிலத்தில் சண்டை போட்டார்கள். பார்சிப்பனி அலுவலகத்திலிருந்து ஹைவேயில் ஊர்ந்து வந்து சேர்பவனுக்குக் காலடியில் வீடு அதிர்வது உவப்பாக இல்லை.

ஊராட்சி நடத்தும் மாலை வகுப்புகளின் விளம்பரத்தாள் தபாலில் வந்திருந்தது. வருமான வரி வகுப்பு நிரம்பிவிட்டது. மேல்நாட்டு நடன வகுப்புக்கு ஜோடியோடு வர வேண்டும். என் ஜோடி கும்மியில் இருந்தாள். மிச்சம் இருந்தது ஒன்றுதான். விவிலியத் தொல்லியல்: அகழாய்வு முறைகளும் சான்றுகளும், ஓர் அறிமுகம். பேர் கொடுத்துவிட்டு வந்தேன்.

"மதம் கிதம் மாத்திருவாங்களாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"மண்ணத் தோண்டுறதப் பத்தி வகுப்பும்மா."

"அதுக்கு நம்ம பேக்யார்டுல புல்லு வெட்டலாமே. எத்தன வாரமாச் சொல்றேன்."

வகுப்பு ஒரு தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் நடந்தது. மாணவர்கள் நான்கு பேர். பிஸ்கட் சுட்டு எடுத்துவரும் இரண்டு வயதான சகோதரிகள், ஒரு பல் மருத்துவர், நான். ஆசிரியர் எழுபதைத் தாண்டியவர். இளமையில் மதபோதகராக இருந்து, பைபிளில் சொன்னதெல்லாம் நடந்தது என்று நிரூபிக்கப் புறப்பட்டு, பாலைவனத்தில் பல கோடைகள் தோண்டியவர். கடைசியில் நிரூபிப்பதை விட்டுவிட்டுப் பானைகளைப் பற்றி மட்டும் பேசுகிறவராகத் திரும்பி வந்திருந்தார். ஒரு கண்ணில் புரை. சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பூதக்கண்ணாடிகள். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். நான் என் தமிழில் எழுதுகிறேன்.

முதல் நாள் அவர் தேவாலய அலுவலகத்தின் குப்பைக்கூடையை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். இன்றைய தேநீர்ப் பை. நேற்றைய உறை. அதற்கும் கீழே ஞாயிற்றுக்கிழமைப் பாடல் தாள். "மேலே இருப்பது புதியது, கீழே இருப்பது பழையது" என்றார். இதற்கா காசு கட்டினோம் என்று நினைத்தேன். அப்போது ஞாயிற்றுக்கிழமைத் தாளுக்கும் கீழிருந்து அன்று காலை தேதியிட்ட ஒரு ரசீது வந்தது. எப்படி என்று கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். "அலுவலகப் பெண் எதையோ தேடிக் கூடைக்குள் கையை விட்டிருக்கிறாள். மண்ணில் இதைச் செய்வது எலி. எலி வளை தோண்டும். மேலே கிடக்கும் புதிய பொருள் அந்த வளை வழியாகக் கீழே விழுந்து பழையவற்றோடு படுத்துக்கொள்ளும். தோண்டுகிறவன் எலி வளையைப் பார்க்கத் தவறினால், அவன் எழுதும் வரலாறு எலி எழுதிய வரலாறு" என்றார்.

நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பரீட்சை இல்லை, மதிப்பெண் இல்லை, சான்றிதழ் இல்லை என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். இருந்தும் நான்தான் முதலில் வர வேண்டும் என்று ஏற்கனவே முடிவு செய்திருந்தேன். நான்கு பேரில் இருவருக்கு எண்பது வயது என்பது என்னைத் தடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, தம் வீட்டுப் பின்புறத்தில் எங்களைத் தோண்ட வைத்தார். முளை அடித்து, கயிறு கட்டி, சதுரம் போட்டோம். சதுரங்களுக்கு நடுவே ஒரு மண்சுவரைத் தொடாமல் விட வேண்டும். அடுக்குகளை அந்தச் சுவரில்தான் படிக்க முடியும். கொத்துக் கரண்டியால் சுரண்டி, தூரிகையால் தட்டி, மண்ணைச் சல்லடையில் சலித்து, ஒவ்வொரு அடுக்கில் கிடைத்ததையும் தனித்தனிப் பையில் போட வேண்டும். எடுப்பதற்கு முன் இருந்த இடத்தை வரைய வேண்டும். சகோதரிகள் ஒரு விரலளவு ஆழம் போவதற்குள் நான் முழங்காலளவு போயிருந்தேன்.

ஆசிரியர் குனிந்து பார்த்தார். "நண்பரே, நீங்கள் கிணறு வெட்டுகிறீர்கள்."

எனக்குக் கிடைத்தது சோடா மூடி ஒன்று. எந்த அடுக்கில் கிடைத்தது என்று கேட்டார். தெரியவில்லை. "அப்படியானால் அது வெறும் மூடி" என்றார்.

வகுப்பில் அவர் அடிக்கடி சொன்னது ஒரு விஷயம். தம் தலைமுறைக்காரர்கள் ஒரு கையில் வேதமும் ஒரு கையில் மண்வெட்டியுமாகப் போனார்கள். என்ன கிடைக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத் தோண்டியதால் அதுவே கிடைத்தது. இடிந்த சுவரெல்லாம் வேதத்தில் இடிந்த சுவராயிற்று, தொழுவமெல்லாம் அரசனின் குதிரை லாயமாயிற்று. "மனம் ஆசைப்பட்டால் கண் அதற்கு வேலை செய்யத் தொடங்கிவிடும். நானும் அப்படித்தான் இருந்தேன்."

நான் தலையை ஆட்டினேன். அடுத்தவர் மதத்தில் இதெல்லாம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

பிறகு ஒரு மாலை அவர் மயிலைப் பற்றிப் பேசினார். பைபிளில் வரும் ஒரு பெரிய அரசனின் கப்பல்கள் பொன், தந்தம், குரங்கு இவற்றோடு மயிலும் கொண்டு வந்தனவாம். மயிலுக்கு அங்கே சொல்லப்படும் பெயர் 'துக்கி'. அது அந்த மொழியின் சொந்தச் சொல்லாகத் தெரியவில்லை. தென்னிந்திய மொழி ஒன்றிலிருந்து போயிருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "உங்கள் மொழியில் ஏதாவது உண்டா?"

"தோகை" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது.

அன்று வீடு திரும்பியதும் சங்கத் தலைவருக்குப் போன் செய்தேன். தலைவர் என்னைவிட இளையவர், மென்பொருள் நிறுவனத்தில் மேலாளர். தமிழ் என்றால் உயிரைக் கொடுப்பார். மகனுக்குத் தமிழ் வராது என்பது வேறு விஷயம்.

"சார், மேட்டர் சூப்பர் சார். பொங்கல் மலர்ல போட்டுரலாம். ஆனா வெறும் வார்த்தையா இருக்கே. எவிடன்ஸ் வேணும் சார். ஒரு ஓடு கீடு ஏதாவது கெடைக்காதா?"

"அதெல்லாம் நினைச்சாக் கெடைக்காதுப்பா. சயின்ஸ் இது."

"நீங்க மனசு வெச்சா நடக்கும் சார்."

இதை அவர் எல்லோரிடமும் எல்லாவற்றுக்கும் சொல்வார். நன்கொடைக்கும் இதே வாக்கியம்தான்.

இப்போது சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவி தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. அவள் அம்மா வீட்டு விறகடுப்பில் பழகிக் கறுத்த இரண்டு மண்சட்டிகளைச் சேலைகளில் சுற்றி, விமானத்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். இரண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம். ஒன்று மீனுக்கு, இன்னொன்று சைவத்துக்கு. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது. கவிச்சி பட்ட சட்டியில் வெள்ளிக்கிழமைக் குழம்பு வைக்கக் கூடாது. மாறிப்போகாமல் இருக்க, மீன் சட்டியின் வெளிப்புறத்தில் ஒரு கூட்டல் குறி கீறி வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிறு மதியம், உதவி செய்கிறேன் பேர்வழி என்று நான் மீன் சட்டியைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கீழ்த்தட்டில் வைத்து ஓடவிட்டேன். திறந்தபோது சட்டி ஐந்தாறு துண்டாகக் கிடந்தது. மனைவி கடையிலிருந்து வருவதற்குள் துண்டுகளைக் காகிதப் பையில் போட்டுக் கார் கொட்டகையில் ஒளித்தேன். சட்டி எங்கே என்று அவள் தேடியபோது, போன வாரம் சங்கத்தில் எல்லோரும் சமைத்து எடுத்துப்போன விருந்தில் யாராவது மாற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்றேன். அவள் சற்று யோசித்து, அது தலைவரின் மனைவி என்று முடிவு செய்து, அந்த அம்மாளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சான்று இல்லாமல் முடிவுக்கு வருவது எங்கள் வீட்டில் இருவருக்கும் பொதுவான குணம்.

வகுப்பு முடியப்போகும் சமயம். ஆசிரியர் தம் வீட்டிலிருந்து ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். அவர் தோண்டிய இடங்களில், அந்நாட்டு அரசு பங்கு பிரித்து முறையாகக் கொடுத்த ஓடுகள். ஒவ்வொன்றிலும் மையால் எண். அடியில் மூன்று துணிப்பைகள் மட்டும் கழுவாமல் இருந்தன. கடைசிக் கோடையில் எடுத்தவை. அப்போது அவர் மனைவி நோயுற்றதால் பாதியில் திரும்பி வந்தவர், பிறகு போகவே இல்லை.

"வசந்தத்தில் நான் டெக்சஸ் போகிறேன், மகளோடு இருக்க. அவள் ஒதுக்கியிருக்கும் அறையில் ஒரு கட்டிலும் ஒரு நாற்காலியும் கொள்ளும். பெட்டிக்கு இடமில்லை. பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் சிறிய காட்சிசாலை இருக்கிறது. பெட்டியை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே நிபந்தனை: எது எந்த அடுக்கில் கிடைத்தது என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது. எனக்கு வேறு சொத்து இல்லை. இந்தக் கடைசி மூன்று பைகளை நாம் சேர்ந்து கழுவுவோம்."

அடுத்த செவ்வாய் மூன்று வாளிகள், பல் துலக்கும் தூரிகைகள். பல் மருத்துவர் அபாரமாகக் கழுவினார். எனக்கு மூன்றாவது பை. என் கோட்டுப் பையில், கார் கொட்டகையிலிருந்து எடுத்த ஒரு துண்டு இருந்தது. கூட்டல் குறி கீறிய துண்டு.

அதை எதற்கு எடுத்துப்போனேன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க என்று அன்று சொல்லிக்கொண்டேன். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துப்போகிறவன் அதை மேசைமேல் வைத்து, "ஐயா, இது எங்கள் வீட்டுச் சட்டி" என்று சொல்வான். வாளிக்குள் நழுவ விடமாட்டான். நான் நழுவ விட்டேன். சேற்று நீரிலிருந்து எடுத்துத் தேய்த்து, மற்ற ஓடுகளோடு காய வைத்தேன்.

ஆசிரியர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த ஓட்டருகே நின்றார். ஒரு பூதக்கண்ணாடி, பிறகு இரண்டாவது.

"இதைக் கழுவியது யார்?"

கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடப் பழக்கம்.

"எந்தப் பையிலிருந்து வந்தது?"

அப்போதும் சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். ஆளுக்கொரு பிஸ்கட் தின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். ஆனால் அவர் ஓட்டைக் கையில் எடுத்தார்; பல கோடைகளுக்கு முந்திய ஒரு முகம் அவருக்கு வந்தது. அந்த முகத்துக்குக் காரணம் நான் என்பதில் எனக்கு ஒரு பெருமை வந்தது.

"மூன்றாவது பை" என்றேன்.

உடைந்த விளிம்பு புதிதாக இருப்பதை அவர் கவனிக்காமலில்லை. "பெட்டி எவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது. வழியில் உடைந்திருக்கும்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். மனம் ஆசைப்பட்டால் கண் அதற்கு வேலை செய்யும் என்று சொன்னவர் அவர்தான். ஆனாலும் அவர் மையைத் தொடவில்லை. பென்சிலால் ஓட்டின்மேல் ஒரு கேள்விக்குறி போட்டார். "பெரிய விஷயமாகவும் இருக்கலாம், எலி வளையாகவும் இருக்கலாம். ஒரு ஓடு சான்று ஆகாது. யாரிடமும் இப்போது சொல்ல வேண்டாம்."

நான் தலைவரிடம் சொன்னேன்.

"சார், கூட்டல் குறின்னா நம்ம பழைய எழுத்துல என்ன? க. அவங்க பழைய எழுத்துல? நான் லைப்ரரில செக் பண்ணிட்டேன். த. த-ன்னா தோகை, க-ன்னா கப்பல். ஒரே சிம்பல்ல ரெண்டு மொழியும் ஹேண்ட்ஷேக் பண்ணுது சார்."

"அவசரப்படாதப்பா. அவரே டவுட்டாத்தான் இருக்கார்."

"வெள்ளக்காரங்க அப்படித்தான் சார் சொல்வாங்க. அடக்கம்."

பொங்கல் விழாவுக்கு ஆசிரியரை அழைத்தார்கள். ஓட்டின் புகைப்படத்தோடு மலர் வெளியாயிற்று. அட்டையில் கப்பல், கப்பலில் மயில். படம் எடுத்துக் கொடுத்தவன் நான். தமக்குத் தெரியாமல் படம் எடுத்தது எப்படி என்று ஆசிரியர் கேட்டார். மகிழ்ச்சியில் எடுத்துவிட்டேன் என்றேன். எங்கள் ஆட்கள் மேல் அவருக்கு மரியாதை இருந்தது, அதனால் வந்தார். உயர்நிலைப் பள்ளி அரங்கில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதை மடித்துத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார்; மீண்டும் போர்த்தினார்கள்.

மேடையில் தமிழ்தான் ஒலிக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. ஆகவே ஆசிரியர் பேசப் பேசத் தலைவர் மொழிபெயர்த்தார். அரங்கில் இருந்த எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும், அதில்தான் சம்பளம் வாங்கினார்கள். ஆனாலும் மொழிபெயர்ப்புக்குத்தான் கை தட்டினார்கள்.

"இது ஒரே ஒரு ஓடு" என்றார் ஆசிரியர்.

"இதற்கு இணையான ஓடு உலகில் இல்லை என்கிறார்" என்றார் தலைவர்.

"இந்தக் கீறல் எழுத்தாகவே இல்லாமலும் இருக்கலாம்."

"இது எழுத்துகளுக்கெல்லாம் முந்திய எழுத்தாக இருக்கலாம் என்கிறார்."

"எலி வளை வழியாக வந்து விழுந்ததாகவும் இருக்கலாம்."

தலைவர் ஒரு கணம் திணறினார். "மண்ணுக்கடியில் எலிகள்கூட இதைக் காத்து நின்றன என்கிறார்."

ஒவ்வொரு சந்தேகத்துக்கும் கைதட்டல் ஏன் கூடுகிறது என்று புரியாமல் அந்தப் பெரியவர் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் திரையில் ஓட்டின் படம் ஆளுயரத்துக்குத் தெரிந்தது.

"ஏங்க" என்றாள் மனைவி.

"ம்."

"அது என் மீன் சட்டிங்க."

"சும்மா இரு."

"அந்த பிளஸ் நான் போட்டதுங்க. உங்க டூல் பாக்ஸ்ல இருந்த ஸ்க்ரூவ வெச்சு."

பக்கத்தில் இருந்த என் மகள், அப்போது பதின்மூன்று வயது, திரையைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "யெஸ், டாட். தட்ஸ் த ஃபிஷ் ஒன்."

முன்வரிசையில் பட்டுப்புடவையில் இருந்த தலைவரின் மனைவியை என் மனைவி பார்த்தாள். "அப்ப அந்த அம்மாகூட இவ்ளோ நாளாப் பேசாம இருந்தேனே."

"அப்புறமாப் பேசிக்கலாம்."

"எத அப்புறமா? சட்டியவா, அந்த அம்மாவவா, மேடைல நிக்கிற பெரியவரையா?"

காரில் அவள் மீண்டும் கேட்டாள். "அவரு பெட்டி என்னாவும்? காலேஜ்ல வாங்கிக்குவாங்கன்னு சொன்னீங்களே. நாளைக்கே போய்ச் சொல்லிருங்க."

"சங்கத்தோட மானம் போயிரும்மா."

"சங்கத்துக்கு வேற மலர் போட்டுக்கலாம். அவருக்கு வேற பெட்டி இருக்கா?"

நான் ரேடியோவைப் போட்டேன்.

தலைவர் மலரில் ஒரு பிரதியை அந்தக் கல்லூரிக்கும் தபாலில் அனுப்பியிருந்தார். எங்கே எதற்கு மதிப்புரை கிடைக்கும் என்று தெரியாது என்பது அவர் கணக்கு. கடைசி வகுப்பன்று காட்சிசாலைப் பொறுப்பாளரான அம்மையார் வந்தார். கறாரான, மரியாதையான மனுஷி. ஓட்டைக் கையில் வாங்கினார். உட்பக்கம் மங்கிய மஞ்சள் கறை. ஒரு சொட்டு நீர் விட்டு, விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்தார்.

"வெந்தயம்" என்றார். பிறகு, "புளியும் இருக்கிறது. நன்றாகச் சமைப்பார்கள் போலிருக்கிறது."

அந்த அறையில் வெந்தயத்துக்கும் புளிக்கும் உரியவன் நான் ஒருவன்தான். யாரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அம்மையார் கேட்டார்: "இது எப்படி இங்கே வந்தது என்று யாருக்காவது தெரியுமா?"

சகோதரிகளில் ஒருவர் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் திரும்ப வைத்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பைகளை மாணவர்கள் கையில் கொடுத்தது நான். மேற்பார்வை என்னுடையது. தவறும் என்னுடையது" என்றார் ஆசிரியர்.

"எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒரு பையில் ஒன்று வந்திருந்தால், மற்றவற்றில் வரவில்லை என்று நான் எதை வைத்து எழுதுவேன்?" என்றார் அம்மையார். ஆசிரியர் தலையசைத்தார். அவரே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த நியாயம் அது. அதோடு பெட்டியின் கதை முடிந்தது.

வசந்தத்தில் ஒரு காலை, ஒருவழியாக அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் விற்பனைப் பலகை நட்டிருந்தது. அவர் பின்புறத்தில், நாங்கள் தோண்டிய அதே சதுரத்தை ஆழப்படுத்தி, பக்கத்தில் தகரப் பெட்டியைத் திறந்து வைத்து முழங்காலிட்டிருந்தார். ஓடுகளைப் புதைத்துக்கொண்டிருந்தார். மிகப் பழையவை அடியில்; மேலே ஒரு சாண் மண்; அடுத்த காலத்தவை அதற்கு மேல்; மறுபடி மண்.

"குப்பையில் போட மனம் வரவில்லை. தோண்டுகிறவனுக்கு வரிசையாவது சரியாகக் கிடைக்கட்டும்."

மண்வெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் மண்ணைத் தள்ளினேன். பிறகு சொன்னேன். "அந்த எலி நான்தான்."

"தெரியும். வெந்தயம் என்று அந்த அம்மாள் சொன்னதும் நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். தொல்லியல் மாணவன், வேறெங்கே பார்ப்பான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்." சிரிக்கவில்லை. "என்ன பானை அது?"

"மீன் சட்டி."

"அந்தக் குறி?"

சொன்னேன். வெள்ளிக்கிழமை, கவிச்சி, ஒரே மாதிரி இரண்டு சட்டிகள், மாறிப்போகாமல் இருக்க ஒரு கீறல், கழுவும் இயந்திரத்தின் கீழ்த்தட்டில் நான் உடைத்தது. அவர் மெதுவாக மண்மேட்டில் உட்கார்ந்தார். அவர் முகம், ஓட்டை முதலில் கையில் எடுத்தபோது இருந்த முகமாயிற்று.

"பாலுக்கு ஒரு பாத்திரம், இறைச்சிக்கு ஒரு பாத்திரம் என்று அந்த நிலத்து மக்கள் பின்னாளில் பிரித்து வைத்தார்கள். எப்போது தொடங்கினார்கள், ஒன்றிலிருந்து ஒன்றை எப்படி அடையாளம் கண்டார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இதில் இதைச் சமைக்காதே என்று சொல்லும் ஒரு கீறலாவது கிடைக்காதா என்று ஒவ்வொரு ஓடாகப் புரட்டிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. உயிரோடு இருக்கும் ஒரு வீட்டில் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்திருந்தாலாவது என்ன தேடுவது என்று தெரிந்திருக்கும். நீங்கள் அதைக் கோட்டுப் பையில் வைத்திருந்தீர்கள். மேசைமேல் வைத்து உண்மையைச் சொல்லியிருந்தால், உங்கள் மனைவியை ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லிக் கெஞ்சியிருப்பேன்."

நான் சொன்ன பொய்யைவிட என்னிடம் இருந்த உண்மை அவருக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

வீட்டுக்குள் போய் அந்த ஓட்டையும் மையையும் எடுத்து வந்தார். கேள்விக்குறியை அழித்துவிட்டு, கீறலுக்குக் கீழே பொடி எழுத்தில் எழுதினார்: நியூஜெர்சி, சமையலறை, கழுவும் இயந்திரம், கீழ்த்தட்டு, மீன். "இப்போது இது சான்று. இதற்கு மட்டும் டெக்சஸில் இடம் இருக்கும்" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். "அந்த அம்மாளிடம் போய்ச் சொல்வீர்களா? நீங்கள் சொன்னால் அவர் மறுபடி யோசிப்பார். வீடு கைமாறுவதற்குள் எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிடலாம். வரிசை குலையாமல்தான் வைத்திருக்கிறேன்."

"கண்டிப்பாக. திங்கட்கிழமை போகிறேன்" என்றேன்.

போகவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் போகவில்லை. அந்த மாதம் சங்கத்தின் தேர்தல் வந்தது. மலரின் வெற்றிக்காக என்னைத் துணைத்தலைவராக்கினார்கள். துணைத்தலைவரே போய் மலரின் அட்டைப்படம் பொய் என்று சொல்வது முறையாக இருக்காது என்று எனக்கு நானே ஒரு விதி எழுதிக்கொண்டேன். மனைவி ஒருமுறை கேட்டாள், இரண்டாம் முறை கேட்டாள், பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். தலைவரின் மனைவியிடம் அவள் மட்டும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். ஆசிரியர் டெக்சஸ் போனார். வீட்டை வாங்கியவர்கள், பின்புறத்தில் இறைச்சி வாட்டும் அடுப்பு வைக்கக் கான்கிரீட் தளம் போட்டார்கள். அந்த வழியாகப் போகும்போது காரிலிருந்து பார்த்தேன். தளம் சதுரமாக, நேர்த்தியாக இருந்தது.

பத்து ஆண்டு கழித்து, இரண்டாயிரத்து ஒன்றில் வேலை போயிற்று. நியூஜெர்சி வீட்டை விற்றுவிட்டு, கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கத் தொடங்கியிருந்த மகளுக்குத் துணையாக, அம்மாநிலத்து டப்ளினில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். அங்கே எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தமிழராகப் பிறந்த ஒவ்வொருவரும் பத்துப் பேருக்காவது அனுப்ப வேண்டிய செய்தி. பாலைவனத்து அரசன் அரண்மனையில் தமிழ் எழுத்துப் பொறித்த பானை, அமெரிக்க அறிஞர் வியப்பு. எலிகள் காத்து நின்ற கதையைக்கூட விட்டுவைக்கவில்லை. நான் எல்லோருக்கும் பதில் எழுதினேன்: அது எங்கள் வீட்டு மீன் சட்டி, உடைத்தது நான், பையில் போட்டதும் நான். முன்பின் தெரியாத ஒருவர் உடனே பதில் அனுப்பினார். தமிழன் பெருமையைத் தமிழனே கெடுக்கிறான், உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேட்டிருந்தார்.

அந்த ஆண்டின் கடைசியில் டெக்சஸிலிருந்து ஒரு போன் வந்தது. ஆசிரியரின் மகள். அப்பா இறந்துவிட்டார் என்றார். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பொன்னாடையும், மயில் படம் போட்ட மலரும், ஓர் ஓடும் இருந்தனவாம். மலரில் இருந்த சங்கத்தின் எண்ணைப் பிடித்து, அவர்கள் வழியாக என்னைத் தேடியிருக்கிறார். ஓட்டில் சமையலறை என்று எழுதியிருக்கிறதே, அது உங்களுடையதா, அனுப்பட்டுமா என்று கேட்டார்.

"அது அவருடையது. அவரே வைத்துக்கொண்டது" என்றேன்.

மனைவி சமையலறையிலிருந்தே சொன்னாள். "என்கிட்டக் கேக்க மாட்டீங்களா? சட்டி என்னோடது. அனுப்பச் சொல்லுங்க."

அனுப்பச் சொன்னேன். அந்தப் பெண் முகவரியைக் குறித்துக்கொண்டார். "அப்பா ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். பழைய ஓடுகள். வீடு முழுக்கத் தேடிவிட்டேன். இங்கே இல்லை. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியும் என்றேன். முதலிலிருந்து சொன்னேன். வாளி, மூன்றாவது பை, வெந்தயம், கான்கிரீட் தளம். திங்கட்கிழமை போகிறேன் என்று அவர் அப்பாவிடம் சொன்னதையும், போகாததையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை.

"ஒவ்வொரு வாரமும் கேட்பார்" என்றார். "நியூஜெர்சியிலிருந்து போன் வந்ததா என்று."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அந்தத் திங்கட்கிழமை உங்களுக்கு என்ன வேலை இருந்தது?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். அலுவலகமா, சங்கமா, மழையா, ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். எது அந்த நாளுக்குரியது என்று எனக்கு நினைவில்லை. அப்படியே அவரிடம் சொன்னேன்.